பயத்தை அளந்த தச்சர் மகன்

வைவா அன்று வரிசையில் நிற்கும்போது கை சில்லிட்டுப் போகாதவர் நம்மில் யார்? நேற்றுவரை தெரிந்த விடை தொண்டையிலேயே நின்றுவிடும். உடனே பயந்தாங்கொள்ளி என்று கேலி! அந்தக் கேலி நியாயமா? நூறு வருஷத்துக்கு முன்பே கருவி செய்து இதற்குப் பதில் தேடியவர் ஆஞ்சலோ மோஸ்ஸோ. அவரைப் பற்றித்தான் எழுத ஆசைப்படுகிறேன்.

1846-ல் இத்தாலியின் தூரின் நகரில் பிறந்தார். அப்பா தச்சர், வீட்டில் வசதி கிடையாது. பட்டறையில் அப்பாவுக்கு உதவிக்கொண்டே படித்தார். 1870-ல் மருத்துவப் பட்டம் பெற்றார். பிறகு ஜெர்மனியின் லைப்சிக் நகரில் கார்ல் லுட்விக்கிடம் பயிற்சி. 1879-ல் தூரின் பல்கலைக்கழகத்தில் உடலியல் பேராசிரியர் ஆனார். பட்டறையில் பழகிய கையாச்சே, கருவி செய்வதில் கெட்டிக்காரர்!

அவர் பயன்படுத்திய பிளெதிஸ்மோகிராப் ரொம்ப எளிமையானது. தண்ணீர் நிரம்பிய கண்ணாடி உருளைக்குள் கையை விட்டு, வாயை இறுக்கி மூடிவிட வேண்டும். கைக்கு வரும் ரத்தம் குறைந்தால் கை துளி சுருங்கும். தண்ணீர் மட்டம் இறங்கும். அதை முள் காகிதத்தில் கோடாக வரையும். ஒருநாள் நண்பர் ஒருவர் கையை விட்டு உட்கார்ந்திருக்க, லுட்விக் உள்ளே வந்தார். அவ்வளவுதான், கோடு சட்டென்று இறங்கிவிட்டது! வாத்தியாரைக் கண்ட படபடப்பு, வாய் திறக்காமலே பதிவாகிவிட்டது.

செங்கல் விழுந்து மண்டை ஓடு உடைந்த ஒரு விவசாயியின் மூளைத் துடிப்பையும் பதிவு செய்தார். 8-ஐ 12-ஆல் பெருக்கச் சொன்னதும் துடிப்பு பெரிதானது. விரலால் எடையை இழுக்க வைத்துக் களைப்பை அளக்கும் எர்கோகிராப்பும் அவர் செய்ததே. மணிக்கணக்கில் வாய்மொழித் தேர்வு நடத்திய சக பேராசிரியரின் விரல் பலம் வெகுவாகக் குறைந்திருந்தது. ஆக, வைவாவில் களைப்பது நாம் மட்டுமில்லை!

1884-ல் பயத்தைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். தன் முதல் மேடைப் பேச்சுக்கு முன் தான் பட்ட பாட்டைச் சொல்லித்தான் அதைத் தொடங்குகிறார். பூச்சாண்டி காட்டிக் குழந்தைகளை வளர்க்காதீர்கள் என்பதும் அவர் வாதம். 1910-ல் மறைந்தார்.

இன்று ஆஸ்பத்திரியில் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் ரத்தம் ஏறி இறங்குவதைத்தான் பிடிக்கிறது. தண்ணீருக்குப் பதில் ஒளி, அவ்வளவே. கை சில்லிடுவது கோழைத்தனம் அல்ல, ரத்தம் இடம் மாறுவது என்பதே மோஸ்ஸோவிடம் நான் கற்ற பாடம். தடுமாறும் நண்பனைக் கண்டால் சிரிக்க வேண்டாம். தோளில் கை போட்டு ரெண்டு வார்த்தை தைரியம் சொல்லுவோமே!