முற்றத்துக்குச் சென்ற பள்ளி: தாராபாய் மோடக்கின் வாழ்வும் பணியும்

புது தில்லி: நாடு முழுவதும் இன்று ஏறத்தாழ 14 லட்சம் அங்கன்வாடி மையங்கள் இயங்குகின்றன. அவை மத்திய அரசின் திட்டமாக வடிவெடுப்பதற்கு முன்பே, ஏழைக் குழந்தையின் வீட்டு முற்றத்தைப் பள்ளியாக்கிக் காட்டியவர் தாராபாய் மோடக்.

1892 ஏப்ரல் 19-ல் மும்பையில் பிறந்தவர் தாராபாய். பெற்றோர் பிரார்த்தனை சமாஜத்தைச் சேர்ந்த சீர்திருத்தவாதிகள். பெண்கள் உயர்கல்வி பெறுவது அரிதாக இருந்த காலத்தில், 1914-ல் பம்பாய் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். அமராவதி வழக்கறிஞர் ஒருவருடனான மணவாழ்க்கை 1921-ல் முறிந்தது. ராஜ்கோட்டில் பெண்களுக்கான ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வர் பொறுப்பை ஏற்றுச் சொந்தக் காலில் நின்றார்.

அந்நாள்களில் பாவ்நகரில் புதுமையான பள்ளி ஒன்று பேசப்பட்டு வந்தது. வழக்கறிஞர் தொழிலைத் துறந்த கிஜுபாய் பதேகா, தட்சிணாமூர்த்தி நிறுவனத்தில் 1920-ல் தொடங்கிய பால மந்திர் அது. இத்தாலியின் மரியா மாண்டிசோரி வகுத்த முறையைக் குஜராத்தி மண்ணுக்கேற்ப மாற்றி, அடியும் அச்சமும் இல்லாத வகுப்பறையை அவர் உருவாக்கியிருந்தார். மீசை வைத்த அம்மா என்றே குஜராத் மக்கள் அவரை அன்புடன் அழைத்தனர். கல்லூரி முதல்வர் பதவியை உதறிவிட்டு, 1923-ல் தாராபாய் அங்கு சேர்ந்தார்.

மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட தாராபாய், குஜராத்திச் சூழலில் சுமார் ஒன்பது ஆண்டுகள் பணியாற்றினார். இருவரும் சேர்ந்து 1926-ல் நூதன் பால சிக்ஷண சங்கத்தை நிறுவினர். சங்கத்தின் சிக்ஷண பத்திரிகா இதழ் குஜராத்தியில் தொடங்கி, பின்னர் மராத்தியிலும் ஹிந்தியிலும் வெளிவந்தது. குழந்தை நேயக் கல்வி என்ற கருத்து ஆங்கிலம் அறிந்தோரைத் தாண்டிச் சாதாரண ஆசிரியர்களைச் சென்றடைய இதழ் துணை நின்றது. மாண்டிசோரி அம்மையார் 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கத் தொடங்கும் முன்பே நடந்தவை இவை.

1936-ல் மும்பை தாதரில் சிசு விஹாரைத் தாராபாய் நிறுவினார். ஆனால், மாண்டிசோரிப் பள்ளி என்றாலே நகரத்து வசதி படைத்தோருக்கானது என்ற நிலை அவரை உறுத்தியது. 1945-ல், தமது 53-ஆவது வயதில், குஜராத் எல்லையை ஒட்டிய போர்டி கிராமத்துக்குச் சென்று கிராம பால சிக்ஷா கேந்திரத்தைத் தொடங்கினார். அனுதாய் வாக் அவருக்கு வலக்கரமானார். 1946 முதல் 1951 வரை பம்பாய் சட்டப் பேரவை உறுப்பினராகவும் தாராபாய் இருந்தார். எனினும், அவரது மனம் கிராமத்துப் பள்ளியிலேயே இருந்தது.

விலை உயர்ந்த கல்விக் கருவிகளுக்கு அங்கு வழியில்லை. கூழாங்கல், விதை, இலை, சிப்பி ஆகியவை எண்ணவும் வகைப்படுத்தவும் உதவும் கருவிகளாயின. வார்லி பழங்குடிக் குழந்தைகளுக்குப் பாடநூல் மராத்தி பாதி அந்நிய மொழி. எழுத்தை முதலில் திணிக்காமல் கை வேலை, பாட்டு, பழகிய பொருள்கள் ஆகியவற்றிலிருந்து தொடங்கியதால், பள்ளி அவர்களை மிரட்டவில்லை.

பள்ளிக்கு வராத குழந்தைகளைத் தேடி ஆசிரியைகள் குடியிருப்புகளுக்கே சென்றனர். முகம் கழுவிவிட்டு, தலைவாரி, வீட்டு முற்றத்திலேயே பாடம் நடத்தினர். முற்றத்தைக் குறிக்கும் ஆங்கன் என்ற சொல்லே அங்கன்வாடிக்குப் பெயரானது. 1950-களின் பிற்பகுதியில் மையம் கோஸ்பாட் மலைக்கு இடம்பெயர்ந்தது. குழந்தைகள் காப்பகம், பாலர் பள்ளி, தொடக்கப் பள்ளி மூன்றும் ஒரே கூரையின் கீழ் இயங்கும் விகாஸ்வாடி அங்கு உருவானது. தம்பி தங்கையைக் கவனித்துக்கொள்ள வேண்டியிருந்ததால் படிப்பை நிறுத்திய சிறுமிகள், அவர்களையும் உடன் அழைத்துக்கொண்டு வர அதனால் வழி பிறந்தது. மாடு மேய்க்கும் சிறுவர்களுக்காக மேய்ச்சல் வெளியிலேயே பள்ளி நடந்தது.

1962-ல் பத்மபூஷண் விருது பெற்ற தாராபாய், 1973 ஆகஸ்ட் 31-ல் காலமானார். ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தை மத்திய அரசு 1975 அக்டோபர் 2-ல் 33 வட்டாரங்களில் தொடங்கியபோது அவர் உயிருடன் இல்லை.

கல்வியை அடிப்படை உரிமையாக்க 2002-ல் நாடாளுமன்றம் சேர்த்த 21ஏ பிரிவு, 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்கே பொருந்தும். ஆறு வயதுக்கு உள்பட்டோரின் கல்வி, நீதிமன்றத்தில் வலியுறுத்த இயலாத வழிகாட்டு நெறியாக 45-ஆவது பிரிவில் நிற்கிறது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை மூன்று வயதிலிருந்தே கல்வியைக் கணக்கிடுகிறது. இயன்றவரை ஐந்தாம் வகுப்பு வரையேனும் வீட்டு மொழியில் கற்பிக்கவும் பரிந்துரைக்கிறது. ஆனால், கொள்கை உரிமையாகிவிடாது. அங்கன்வாடி ஊழியர்களுக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததே 2022-ல்தான். அவர்கள் இன்னும் பெறுவது ஊதியம் அல்ல, மதிப்பூதியம். தாராபாய் எந்த வயதுக் குழந்தைகளைத் தேடி முற்றத்துக்குச் சென்றாரோ, அந்த வயதினரே இன்றும் கல்வி உரிமைக்கு வெளியே நிற்கின்றனர்.