எஃகுக்கு ஆள் தேடியவர்

செய்த பொருளுக்கு வாங்குவோரைத் தேடுவதே பெரும்பாடு என்பதைப் பூட்டுக்குப் பெயர்பெற்ற நம் திண்டுக்கல் நன்கறியும். எஃகில் அப்பாடுபட்டவர் ஜாம்ஷெட்ஜி டாட்டா.

1839இல் நவ்சாரியில் பிறந்தார். நாகபுரிப் பஞ்சாலையில் பொருளீட்டியபின், நம் நாட்டிலேயே எஃகு வார்க்க உறுதிபூண்டார். இரயில்வே அதிகாரி அப்காட்டோ, டாட்டாக்கள் செய்யும் தண்டவாளம் முழுவதையும் தாமே தின்றுவிடுவதாக எள்ளினாராம்! ஆலை எழுமுன்பே, 1904இல், ஜெர்மனியில் டாட்டா மறைந்தார்.

பின்னர் அரசு இறங்கிவந்தது. ஆண்டுக்கு 20,000 டன் தண்டவாளத்தை, இறக்குமதி விலைக்கே, பத்தாண்டுகள் வாங்க இசைந்தது. தரம் குறையலாகாது என்பது நிபந்தனை, அது நியாயந்தானே? 1907இல் மூலதனம் முழுவதையும் இந்தியரே தந்தனர். 1912இல் சாக்சியில் எஃகு வார்ந்தது.

உலகப் போரில் அத்தண்டவாளங்கள் மெசபடோமியா வரை சென்றன. 1919இல் சாக்சி, ஜாம்ஷெட்பூர் ஆயிற்று. சொன்னபடி தின்றிருந்தால் அப்காட்டுக்கு அஜீரணமே வந்திருக்கும் என்று மைந்தர் தொராப்ஜி நகைத்ததுண்டு.