மீனுக்கு நாடி பார்த்த பட்டாளத்து டாக்டர்

கம்பம் பள்ளத்தாக்கின் தென்கோடியில் லோயர் கேம்ப். அங்கிருந்து மலையேறிக் குமுளியைத் தாண்டி, கோட்டயம் சாலையில் பீர்மேடு வழியாக இறங்கினால் முண்டக்கயம் வந்துவிடும். சபரிமலைக்குப் போகும் தேனிப் பக்கத்து அன்பர்களுக்குப் பழகிய வழிதான். அந்த மலையாறுகளில் ஒரு மீன் உண்டு. வெள்ளி போன்ற உடல். மூக்கிலிருந்து வால் வரை மையால் இழுத்தாற்போல் ஒரு கறுப்புக் கோடு. அதற்கு மேலே பாதி உடல் வரை ரத்தச் சிவப்பில் இன்னொரு கோடு. வியாபாரிகள் அதற்கு ‘மிஸ் கேரளா’ என்று பெயர் வைத்தார்கள். 1990களுக்குப் பிறகு வெளிநாட்டுக் கண்ணாடித் தொட்டிகளில் அதற்கு ஏகப்பட்ட கிராக்கி.

இந்த மீனை 1865-ல் முதன்முதலாக விஞ்ஞான உலகுக்கு அறிமுகம் செய்தவர் மீன் வியாபாரியும் அல்லர், தூண்டில் பிரியரும் அல்லர். சென்னை ராணுவத்தில் வைத்தியம் பார்த்த டாக்டர் பிரான்சிஸ் டே. அப்போது சென்னை கவர்னராக இருந்தவர் சர் வில்லியம் டெனிசன். அவர் பெயரையே மீனுக்குச் சூட்டினார். கவர்னர்களின் பெயர் தெருவுக்கும் பாலத்துக்கும் போவதுதான் வழக்கம். டெனிசன் பெயர் மீன் தொட்டிக்குள் போய்விட்டது.

டே பிறந்தது 1829-ல், இங்கிலாந்தில் சஸெக்ஸ் பகுதியில். லண்டனில் வைத்தியம் படித்து, 1852-ல் கம்பெனியின் சென்னை வைத்திய சேவையில் சேர்ந்தார். சேர்ந்ததும் பர்மா யுத்தம். பிற்பாடு கொச்சியில் உத்தியோகம். அந்த ஊரின் சரித்திரத்தையும் ஜனங்களையும் இயற்கையையும் பற்றி 1863-ல் ஒரு புத்தகமே எழுதினார். கொச்சியில்தான் மீன் பித்து அவரைப் பிடித்துக்கொண்டது; கடைசிவரை விடவில்லை. ‘மலபார் மீன்கள்’ 1865-ல் வெளிவந்தது.

பெயர் சூட்டுவதோடு நிறுத்தியிருந்தால் அவரைப் பற்றி இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை. மீன் எப்படிப் பிழைக்கிறது, எதனால் சாகிறது என்பதையும் ஒரு வைத்தியரின் கண்ணோடு பார்த்தார். அவருடைய சோதனை ஒன்றை மீன் தொட்டி வைத்திருப்போர் அறிந்துகொள்வது நல்லது.

விரால், பனையேறிக் கெண்டை முதலிய மீன்கள் அடிக்கடி நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்துவிட்டுப் போகும். அது விளையாட்டா, தேவையா? நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே குறுக்கே தடுப்பைப் போட்டு, அவை மேலே வராதபடி செய்தார் டே. மீன்கள் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்தன. அவற்றுக்குச் செவுள் மட்டும் போதாது; மேற்காற்றும் வேண்டும். இதையெல்லாம் 1868-ல் எழுதினார்.

இன்று வீட்டுத் தொட்டியில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து மூடினால், நோயா, சுபாவமா என்று தெரியாமல் தவிக்கிறோம். கௌராமி, ஃபைட்டர் மீன்கள் அவ்வப்போது மேலே வந்து காற்றுக் குடிப்பது இயல்பு. ஆனால் கெண்டை இனத்து மீன்களும் தங்கமீனும் நீர்மட்டத்திலேயே கூட்டமாக நின்று வாயைத் திறந்து மூடினால் அது அபாய அறிகுறி. தண்ணீரில் பிராணவாயு குறைந்திருக்கலாம். கழிவும் மிச்சத் தீனியும் அழுகி அமோனியா ஏறியிருக்கலாம். குழாய்த் தண்ணீரை அப்படியே பிடித்து ஊற்றியதால் குளோரின் செவுளைப் புண்ணாக்கியிருக்கலாம். மருந்துப் புட்டியைத் தேடுவதற்கு முன், நாலில் ஒரு பங்கு தண்ணீரை மாற்ற வேண்டும். ஊற்றும் தண்ணீர் ஒரு நாள் முழுக்கத் திறந்த பாத்திரத்தில் கிடந்ததாக இருக்கட்டும். காற்றுக் குமிழியைக் கூட்டி, ஒரு நாள் தீனியை நிறுத்தினாலே பல மீன்கள் தேறிவிடும்.

வெப்பம் இன்னொரு சத்துரு. 15 டிகிரிக் குளிரில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 10 மில்லிகிராம் பிராணவாயு கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். பாறையில் மோதிக் குதித்து வரும் நீரில் பிறந்த மலை மீனைத் தேனியின் சித்திரை வெயிலில் ஜன்னலோரத் தொட்டியில் விட்டால் என்ன ஆகும்?

இந்தப் பாடத்தை டே நஷ்டப்பட்டே கற்றார். 1863-ல் இங்கிலாந்திலிருந்து டிரவுட் மீன் முட்டைகளைத் தருவித்து நீலகிரி ஓடைகளில் விடப் பார்த்தார். குளிர்நீரில் மட்டுமே பொரியும் முட்டைகள், நெடும் பிரயாணத்தில் வீணாகிவிட்டன. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து ஹென்றி வில்சன் என்பவர் அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் நிலையம் வைத்த பிறகே நீலகிரியில் டிரவுட் நிலைத்தது.

1871-ல் இந்தியா முழுவதற்கும் மீன்வள இன்ஸ்பெக்டர் ஜெனரல் ஆனார் டே. நன்னீர் மீன்களைப் பற்றிய அவருடைய அறிக்கை 1873-ல் வந்தது. கொசுவலை போன்ற பொடிக்கண் வலைகள், ஓடையில் விஷம் கலப்பது, மீன் ஏற வழியில்லாத அணைக்கட்டுகள் எல்லாவற்றையும் அதில் கண்டித்தார். ஆற்றில் விஷமும் வெடியும் வைத்து மீன் பிடிப்பதைத் தடுக்கும் சட்டம் 1897-ல்தான் வந்தது. அப்போது அவர் உயிரோடில்லை.

‘இந்திய மீன்கள்’ என்ற பெருநூலை 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வெளியிட்டார். ஏறக்குறைய 1,400 வகை மீன்கள், படங்களோடு. அது அச்சாகிக்கொண்டிருந்த 1876-ல்தான், வெண்புள்ளி நோயை உண்டாக்கும் நுண்ணுயிருக்குப் பிரான்ஸ் தேசத்தில் ஃபூக்கே என்பவர் பெயர் வைத்தார். தொட்டி மீன் வளர்ப்போரை அதிகம் அழவைக்கும் நோய் இதுவே. உடம்பில் உப்புத் தூவினாற்போல் வெண்புள்ளிகள் தோன்றும், மீன் கல்லில் உடம்பை உரசும், துடுப்பை ஒடுக்கிக்கொள்ளும். கிருமி தோலுக்கடியில் இருக்கும்வரை மருந்து அதைத் தொடாது. பழுத்து உதிர்ந்து, தொட்டியின் அடியில் நூற்றுக்கணக்கில் பிரிந்து, புது மீனைத் தேடி நீந்தும்போதுதான் அது சாகும். 25 டிகிரியில் இந்தச் சுற்று ஒரு வாரத்தில் முடியும். குளிரில் வாரக்கணக்கில் இழுக்கும். புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்துகிறவர்கள் பாதியில் ஏமாறுவது இதனால்தான். லிட்டருக்கு 2 கிராம் கல்லுப்பைக் கரைத்துச் சிறிது சிறிதாகச் சேர்த்துப் பத்து நாள் விடுவது பழைய கைமுறை. செதிலில்லாத கெளுத்தி வகைகளும் நீர்ச்செடிகளும் உப்பை அவ்வளவாகத் தாங்கா. தண்ணீரைச் சூடேற்றும் வைத்தியமும் உண்டு. மிஸ் கேரளா போன்ற மலை மீனுக்கு அது நோயைவிடக் கொடியதாகலாம். வாங்கி வந்த மீனை முதல் மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்தாலே பெரும்பாலான தொல்லை வராது.

டே 1877-ல் பதவியிலிருந்து ஓய்வு பெற்று இங்கிலாந்தில் செல்டன்ஹாமில் குடியமர்ந்தார். பிரிட்டிஷ் மியூசியத்தில் மீன் பகுதியைக் கவனித்த குந்தருக்கும் இவருக்கும் ஆகாது. அதனால் தம் சேகரிப்பில் பெரும்பகுதியை 1883-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னி மியூசியத்துக்கு விற்றுவிட்டார். நம் ஆற்று மீன்களின் மூலப்பிரதிகள் பல கடல் தாண்டி அங்கே கிடப்பது இரண்டு பெரிய மனிதர்களின் மனஸ்தாபத்தால்! வயிற்றில் புற்றுநோய் கண்டு 1889 ஜூலை 10-ல் காலமானார்.

அவர் இறந்தபோது கம்பம் பள்ளத்தாக்குக்கு மேலே பெரியாறு அணை வேலை நடந்துகொண்டிருந்தது. ஆறாண்டு கழித்து, 1895-ல், மேற்கே ஓடிய தண்ணீர் சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் வந்தது. அவர் பெயர் வைத்த சிவப்புக்கோட்டு மீனோ, ஏற்றுமதிக்காக ஆறுகளில் அள்ளப்பட்டு, அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் சர்வதேசப் பட்டியலில் ஏறியது. தொட்டியிலேயே அதைக் குஞ்சு பொரிக்க வைக்கும் வித்தை அதற்குள் கைகூடிவிட்டதால், கடைக்கு வந்த மீன் எங்கே பிறந்தது என்று கேட்டு வாங்க முடிந்தது.