சென்ற இடமெல்லாம் வகுப்பறை

நுழையும்முன்

பாலமும் தண்டவாளமும் கப்பலும் தாங்கும் சுமையை முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்வது பொறியியலின் தலையாய கடமை. அக்கணக்கைக் கற்பிக்கும் முறையைச் செம்மைப்படுத்தியவர்களுள் ஒருவர் ஸ்டீபன் திமோஷென்கோ. பதவியை இழந்தபோதும் நாட்டை இழந்தபோதும் அவர் கற்பிப்பதை நிறுத்தவில்லை. அயலிடத்து அறிஞரை அழைத்து உரை கேட்கும் வழக்கம் ஒரு கல்வி நிறுவனத்துக்கு எத்துணை வளம் சேர்க்கும் என்பதை அவரது வாழ்க்கை நமக்கு உணர்த்துகிறது.

இளமையும் கல்வியும்

இன்றைய உக்ரைன் நாட்டில் உள்ள ஷ்போதிவ்கா என்னும் சிற்றூரில் 1878ஆம் ஆண்டு திமோஷென்கோ பிறந்தார். தந்தை நில அளவையாளர். ரோம்னி நகரப் பள்ளியில் பயின்றபோது, பிற்காலத்தில் புகழ்பெற்ற இயற்பியலறிஞராக விளங்கிய ஆப்ரம் யோஃபே அவருடைய தோழராக இருந்தார். பின்னர்ப் பீட்டர்ஸ்பர்க் நகரின் போக்குவரத்துப் பொறியியல் கல்லூரியில் பயின்று 1901ஆம் ஆண்டு பட்டம் பெற்றார்.

பட்டம் பெற்றதோடு கல்வி முடிந்துவிட்டதாக அவர் கருதவில்லை. ஆசிரியப் பணியில் அமர்ந்த பின்னரும் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்குச் சென்று கற்றார். அங்கே கணித அறிஞர் பெலிக்ஸ் கிளைன், கணிதத்தையும் பொறியியலையும் இணைக்கும் பெருமுயற்சியில் ஈடுபட்டிருந்தார். பாய்மங்களின் இயக்கத்தை ஆராய்ந்த லுட்விக் பிராண்டிலும் அங்கே பணியாற்றினார். இவர்களின் விரிவுரைகளும் கருத்தரங்குகளும் திமோஷென்கோவுக்குப் புதிய வாயிலைத் திறந்தன. ஒருவர் ஓர் ஆய்வுச் சிக்கலை முன்வைக்க, மற்றவர்கள் வினவியும் மறுத்தும் அதனைத் தெளிவாக்கும் முறை அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

நீதியும் பதவியும்

1906ஆம் ஆண்டு கீவ் பல்தொழில்நுட்பக் கல்லூரியில் பொருள்களின் வலிமையியல் துறைக்குப் பேராசிரியரானார். அப்போது அவருக்கு இருபத்தெட்டு வயதுகூட நிறைவுறவில்லை. சில ஆண்டுகளில் கட்டடப் பொறியியல் புலத்தின் முதல்வராகவும் உயர்ந்தார்.

அக்காலத்து இரஷ்யப் பேரரசில் யூத மாணவர்கள் உயர்கல்வியில் சேர்வதற்கு அரசு உச்சவரம்பு விதித்திருந்தது. தகுதியிருந்தும் பிறப்பின் காரணமாகப் பலருக்குக் கல்லூரிக் கதவு அடைக்கப்பட்டது. அவ்வரம்பைக் கடந்தும் மாணவர்களைச் சேர்த்த முதல்வர்களுள் திமோஷென்கோவும் ஒருவர். கல்வி அமைச்சரின் கெடுபிடிகளையும் அவர் எதிர்த்தார். அதன் விளைவாக 1911ஆம் ஆண்டு பணியிலிருந்து நீக்கப்பட்டார். குடும்பத்தைக் காக்க வேண்டிய பொறுப்பு இருந்தும், தாம் செய்தது பிழையென அவர் எண்ணவில்லை. அதே ஆண்டு அவரது ஆய்வுக்குக் கிடைத்த ஜுராவ்ஸ்கி பரிசு, வறுமை நெருங்காமல் சிறிது காலம் காத்தது.

பீட்டர்ஸ்பர்க் திரும்பிய அவருக்கு நிலையான பதவி எளிதில் கிடைக்கவில்லை. வெவ்வேறு கல்லூரிகளுக்குச் சென்று, நடத்தும் வகுப்புகளின் மணிக்கணக்குக்கு ஏற்ப ஊதியம் பெறும் விரிவுரையாளராகப் பணியாற்றினார். புலமுதல்வராக வீற்றிருந்தவர் வந்துபோகும் ஆசிரியரானார். ஆயினும் பதவியின் உயர்வு தாழ்வு அவருடைய பாடத்தின் தரத்தைத் தொடவில்லை.

மொழி கடந்த பாடம்

1918ஆம் ஆண்டு உக்ரைன் அறிவியல் கழகத்தை நிறுவிய அறிஞர்களுள் திமோஷென்கோவும் இடம்பெற்றார். உள்நாட்டுப் போர் மூண்டபோது அவர் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. 1920ஆம் ஆண்டு இன்றைய குரோவேஷியாவின் சாக்ரெப் நகரை அடைந்து, அங்குள்ள பல்தொழில்நுட்பக் கல்லூரியில் பேராசிரியரானார். குரோவேஷிய மொழியில் அவருக்குப் போதிய பயிற்சி இல்லை. தமக்குத் தெரிந்த குரோவேஷியச் சொற்களை எல்லாம் இரஷ்ய மொழியோடு கலந்து பாடம் நடத்தினார். மாணவர்களும் அதனை நன்கு புரிந்துகொண்டனர். பொருளில் தெளிவு இருந்ததால் மொழித்தடை பெரிதாகத் தோன்றவில்லை.

இக்காலத்தில்தான் அவருடைய புகழ்பெற்ற உத்திரக் கோட்பாடு வெளிவந்தது. சுமை ஏற்றப்படும்போது உத்திரம் வளைவதை மட்டுமே பழைய கணக்குமுறை கருத்தில் கொண்டது. நீளமான, மெல்லிய உத்திரங்களுக்கு அது போதுமானது. குட்டையான, தடித்த உத்திரங்களில் உள்ளடுக்குகள் ஒன்றன்மீது ஒன்று சிறிது நழுவவும் செய்கின்றன. அந்த நழுவலையும் சேர்த்துக் கணக்கிட்டாலன்றி உத்திரத்தின் அதிர்வைச் சரியாக அறிய இயலாது என அவர் காட்டினார். அதனை உலகம் இன்றும் திமோஷென்கோ உத்திரக் கோட்பாடு என்றே வழங்குகிறது.

தொழிற்சாலையில் ஒரு வகுப்பறை

1922ஆம் ஆண்டு அமெரிக்கா சென்றார். அடுத்த ஆண்டு வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவில் சேர்ந்தார். அங்கிருந்த பொறியாளர்கள் செய்முறைத் திறனில் சிறந்தவர்கள். ஆயினும் கையேட்டில் உள்ள சூத்திரத்தைப் பயன்படுத்தத் தெரிந்த அளவுக்கு, அது பிறந்த காரணத்தை விளக்கத் தெரிந்தவர்கள் மிகுதியாக இல்லை. சுழலும் எந்திரம் ஏன் நடுங்குகிறது, சக்கரத்தின் அடியில் தண்டவாளம் எவ்வாறு வளைகிறது என்பனபோன்ற சிக்கல்களுக்குக் கையேடு மட்டும் விடை தராது.

அந்தக் குறையைப் போக்க, இளம் பொறியாளர்களுக்கு அவர் விரிவுரைகள் ஆற்றத் தொடங்கினார். நிறுவனத்தின் நடைமுறைச் சிக்கல்களே பாடப்பொருள்களாயின. அவருடைய வழிகாட்டுதலைப் பெற்றவர்களுள் ஒருவரான டென் ஹார்டாக், பின்னாளில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியராகவும் அதிர்வியல் அறிஞராகவும் சிறந்து விளங்கினார்.

கோடைக்காலப் பயிலரங்குகள்

1927ஆம் ஆண்டு மிச்சிகன் பல்கலைக்கழகம் திமோஷென்கோவைப் பேராசிரியராக அழைத்தது. பொறியியல் விசையியலில் இளநிலைப் பட்டம்முதல் முனைவர் பட்டம்வரை படிப்புகள் அங்கே உருவாக அவர் காரணமானார். ஒரே துறையின் ஆசிரியர்கள் தமக்குத் தெரிந்ததையே ஆண்டுதோறும் கற்பித்துக்கொண்டிருந்தால் அறிவு தேங்கிவிடும் என்பதை அவர் அறிந்திருந்தார். கோட்டிங்கனில் தாம் பெற்ற பயனை அமெரிக்க இளைஞர்களும் பெறவேண்டும் என விரும்பினார்.

அதற்கு அவர் கண்ட வழி கோடைக்காலப் பயிலரங்கு. விடுமுறைக் காலத்தில் பல கல்லூரிகளின் இளம் ஆசிரியர்களும் ஆய்வு மாணவர்களும் ஆன் ஆர்பர் நகரில் கூடினர். ஜெர்மனியிலிருந்து பிராண்டில், இங்கிலாந்திலிருந்து ரிச்சர்டு சவுத்வெல் ஆகியோரும், தியோடர் வான் கார்மன் போன்ற பேரறிஞர்களும் சிறப்புரையாற்ற அழைக்கப்பட்டனர். நூல்களின் அட்டையில் பெயராக மட்டும் அறிந்திருந்த அறிஞர்களை நேரில் கண்டு ஐயம் தீர்த்துக்கொள்ளும் வாய்ப்பு இளைஞர்களுக்குக் கிட்டியது. முடிந்துபோன ஆய்வின் விடையைத் தருவது நூல். விடை காணாத வினாவோடு போராடும் மனத்தைக் காட்டுவது நேருரை. பயிலரங்கில் கற்ற ஆசிரியர்கள் தத்தம் கல்லூரிக்குத் திரும்பி, அங்கே புதிய பாடங்களைத் தொடங்கினர். இவ்வாறு ஓரிடத்தில் நிகழ்ந்த உரைகளின் பயன் நாடெங்கும் பரவியது.

நிலைத்த புகழ்

1936ஆம் ஆண்டுமுதல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். பொருள்களின் வலிமையியல், மீட்சிக் கோட்பாடு, அதிர்வியல் ஆகிய துறைகளில் அவர் எழுதிய நூல்கள் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டன. எளிய எடுத்துக்காட்டில் தொடங்கி, அரிய சிக்கலுக்குப் படிப்படியாக அழைத்துச் செல்வது அவற்றின் இயல்பு. வகுப்பறையில் மாணவர் முகம் பார்த்துச் செப்பம் செய்யப்பட்ட நடை அது. தமிழ்நாட்டின் பொறியியல் கல்லூரி நூலகங்களிலும் அந்நூல்கள் இடம்பெற்றுள்ளன.

அமெரிக்க எந்திரப் பொறியாளர் சங்கம் 1957ஆம் ஆண்டு அவர் பெயரால் ஒரு பதக்கத்தை நிறுவி, முதல் பதக்கத்தை அவருக்கே வழங்கியது. மறு ஆண்டு, எண்பதை நெருங்கிய வயதில், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன் பிரிந்த தாயகத்துக்குச் சென்றார். உறவுகளைக் காண்பதோடு அமையாமல், அங்குள்ள பொறியியல் கல்லூரிகளைப் பார்வையிட்டு, அவற்றின் கல்விமுறையைப் பற்றித் தனி நூலும் எழுதினார். இறுதிக் காலத்தை ஜெர்மனியில் மகளுடன் கழித்து, 1972ஆம் ஆண்டு மறைந்தார். எந்த நகரில் அவருடைய பதவி பறிக்கப்பட்டதோ, அந்தக் கீவ் நகரின் விசையியல் நிறுவனம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கோட்டிங்கனில் மாணவராகவும், பீட்டர்ஸ்பர்க்கில் மணிக்கணக்கு விரிவுரையாளராகவும், சாக்ரெப்பில் அகதியாகவும் பிறர் வகுப்பறைக்குள் நுழைந்தவர் திமோஷென்கோ. தமக்கென ஒரு வகுப்பறை வாய்த்தபோது, அதன் கதவைப் பிறருக்காகத் திறந்து வைத்தார். தகுதியுடைய மாணவரை வாயிலில் தடுக்காத மனமும், தம்மினும் மேலான அறிஞரை அழைத்து அமரச்செய்யும் மனமும் வேறுவேறு அல்ல. அவ்விரண்டும் ஒருங்கே அமைந்த இடத்தில்தான் கல்வி வளர்கிறது.