ஜான் போல்ட்பீ புரூக்ஸ்

ஜான் போல்ட்பீ புரூக்ஸ் (1846 – 1921) இங்கிலாந்தைச் சேர்ந்த தோல் பொருள் உற்பத்தியாளர் ஆவார். மிதிவண்டிக்கான தோல் இருக்கையை உருவாக்கி, 1882 ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை கோரியவர். இவர் பெயரைத் தாங்கிய நிறுவனத்தின் இருக்கைகளை நெடுந்தொலைவு மிதிவண்டிப் பயணிகள் இன்றும் பயன்படுத்துகின்றனர். இருக்கையின் வசதி அதன் மென்மையில் இல்லை, உடலின் எடையை உரிய இடத்தில் தாங்குவதிலேயே உள்ளது என்பதற்கு இவரது படைப்பு சிறந்த எடுத்துக்காட்டாகும்.

இளமையும் தொழிலும்

புரூக்ஸ் லெஸ்டர்சயரில் உள்ள ஹிங்க்லி என்னும் ஊரைச் சேர்ந்தவர். 1865 ஆம் ஆண்டில் இருபது பவுண்டு பணத்துடன் பர்மிங்காம் நகருக்கு வந்தார். அடுத்த ஆண்டிலேயே தம் பெயரில் குதிரைச் சேணங்களும் பிற தோல் பொருட்களும் செய்யும் தொழிலைத் தொடங்கினார். எந்தத் தோல் எவ்வளவு இழுவையைத் தாங்கும், எங்கே தளரும் என்ற அறிவு இத்தொழிலில் அவருக்குக் கிடைத்தது. பின்னாளில் மிதிவண்டி இருக்கைக்கு இதுவே அடிப்படையாயிற்று.

குதிரையிலிருந்து மிதிவண்டிக்கு

1878 ஆம் ஆண்டில் புரூக்சின் குதிரை இறந்தது. வேறு குதிரை வாங்க வசதியில்லாததால், பணியிடத்திற்குச் செல்ல ஒரு மிதிவண்டியை இரவல் வாங்கினார் என்று நிறுவனத்தின் வரலாறு கூறுகிறது. அதன் மர இருக்கை தந்த வலி தாங்க முடியாததாக இருந்ததால் அதற்கு மாற்றுக் காண முனைந்தார்.

அக்கால மிதிவண்டிகளைக் கருதினால் இந்த வலியின் அளவை உணரலாம். ஜான் பாய்ட் டன்லப்பின் காற்றடைத்த டயர் 1888 ஆம் ஆண்டிலேயே வந்தது. அதுவரை சக்கரங்களில் திண்ம ரப்பர் பட்டையே இருந்தது. சாலையின் அதிர்வு முழுவதும் ஓட்டுபவரின் உடலையே தாக்கியது. எனவே அதிர்வைக் குறைக்கும் பொறுப்பில் பெரும்பகுதி இருக்கையின் மீதே விழுந்தது.

புரூக்ஸ் தம் முதலாவது இருக்கைக் காப்புரிமைக்கு 1882 அக்டோபர் 28 அன்று விண்ணப்பித்தார்.

இருக்கையின் அமைப்பு

புரூக்ஸ் வகை இருக்கையில் பஞ்சோ மெத்தையோ கிடையாது. தடித்த மாட்டுத் தோலை நீரில் ஊறவைத்து, அச்சில் அழுத்தி வடிவமைப்பர். பின்னர் அதை எஃகுச் சட்டத்தின் முன்முனையிலும் பின்பகுதியிலும் தறையாணிகளால் பொருத்துவர். நடுவில் தோலுக்கு அடியில் தாங்கல் எதுவும் இல்லாததால், அது தொட்டில் போல இழுபட்டு நின்று எடையைத் தாங்குகிறது.

புதிய இருக்கை கடினமாகவே இருக்கும். பல நூறு கிலோமீட்டர் ஓட்டிய பின்னரே தோல் சற்றுப் பள்ளமாகி, ஓட்டுபவரின் உடலுக்கேற்ற வடிவம் பெறும். காலப்போக்கில் தோல் தளர்ந்தால், முன்முனையின் அடியிலுள்ள திருகைச் சிறிது முறுக்கி இறுக்கலாம். மழையில் முழுதும் நனைந்த தோல் உருக்குலைந்துவிடும் என்பது இதன் குறைபாடாகும்.

இவ்வகையில் புகழ்பெற்றது 1890களில் அறிமுகமான பி17 ஆகும். இதன் அகலம் ஏறத்தாழ 17 செ.மீ.

நெடும்பயணத்திற்கான இருக்கை

உட்காரும்போது உடலின் எடையை இடுப்பின் அடியிலுள்ள இரண்டு எலும்பு முனைகள் தாங்க வேண்டும். மிக மென்மையான மெத்தையில் இவை அமிழ்ந்துவிடுவதால், இடையிலுள்ள மென்மையான தசையும் நரம்புகளும் அழுத்தப்படுகின்றன. சிறிது தூரத்திற்கு இதமாகத் தோன்றும் இருக்கை, சில மணி நேரத்தில் மரத்துப்போதலை உண்டாக்குவதற்கு இதுவே காரணம்.

இருக்கையின் அகலம் அவ்வெலும்பு முனைகளின் இடைவெளிக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும். பொதுவாகப் பெண்களுக்கு இந்த இடைவெளி சற்று அதிகம். அமரும் நிலையும் கருதத்தக்கது. முன்சாய்ந்து ஓட்டுபவரின் எடையில் ஒரு பகுதியைக் கைகள் தாங்குவதால் குறுகிய இருக்கை போதுமானது. நிமிர்ந்து ஓட்டுபவருக்கு எடை பெரும்பாலும் இருக்கையிலேயே விழுவதால், சுருள்வில் பொருத்திய அகலமான இருக்கை தேவைப்படுகிறது. தமிழ்நாட்டில் பால், காய்கறி முதலிய சுமைகளை ஏற்றிச் சென்ற கனமான மிதிவண்டிகளில் ஸ்பிரிங் வைத்த அகன்ற சீட்டுகள் இடம்பெற்றதும் இக்காரணத்தாலேயே.

அம்பத்தூர்த் தொடர்பு

புரூக்சின் மறைவுக்குப் பின், இங்கிலாந்தின் மிதிவண்டித் தொழில் தமிழ்நாட்டுடன் நேரடியாக இணைந்தது. 1949 ஆம் ஆண்டில் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் கூட்டாக டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கின. இதன் ஆலை சென்னையை அடுத்த அம்பத்தூரில் அமைந்தது. அப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த அம்பத்தூர், 1997 இல் உருவான திருவள்ளூர் மாவட்டத்திற்குச் சென்று, 2018 இல் சென்னை மாவட்டத்துடன் இணைக்கப்பட்டது. 1960 ஆம் ஆண்டில் ராலே மிதிவண்டி நிறுவனம் டியூப் இன்வெஸ்ட்மென்ட்சுடன் இணைந்தது. ராலேயின் கீழ் புரூக்ஸ் நிறுவனமும் பல ஆண்டுகள் இயங்கியது. இவ்வாறு புரூக்ஸ் தொடங்கிய நிறுவனமும் அம்பத்தூர் ஆலையும் ஒரே தாய் நிறுவனத்துடன் தொடர்பு கொண்டிருந்தன.

அம்பத்தூர் தொடங்கி கும்மிடிப்பூண்டி வரையிலான தொழிற்பகுதிகளில், ஆலைக்கோ தொடருந்து நிலையத்திற்கோ மிதிவண்டியில் சென்ற தொழிலாளர் பலர். புரூக்ஸ் எதிர்கொண்டதும் பொழுதுபோக்குப் பயணத்தின் வலி அன்று. நாள்தோறும் வேலைக்குச் செல்லும் ஒருவரின் வலியே அது என்பது குறிப்பிடத்தக்கது.

மறைவும் அதன் பின்னரும்

புரூக்ஸ் 1921 ஆம் ஆண்டில் காலமானார். அவருடைய நிறுவனம் மிதிவண்டி இருக்கைகளுடன் பைகளையும் மோட்டார் சைக்கிள் இருக்கைகளையும் தயாரித்தது. 2002 ஆம் ஆண்டில் இத்தாலியின் செல்லே ராயல் நிறுவனம் இதனை வாங்கியது. பர்மிங்காமை அடுத்த ஸ்மெத்விக்கில் தோல் இருக்கைகளின் உற்பத்தி அதன் பின்னரும் தொடர்ந்தது.