டீசல் என்பது ஒரு மனிதரின் பெயர்

கொட்டாரம் வழியாக நாகர்கோவில் போகும் சாலையோரம் சிறிது நேரம் நின்று பாருங்கள். மட்டி, ஏத்தன் வாழைத்தார் ஏற்றிய லாரி, வைக்கோல் வண்டி, உழவுக்குப் போகும் டிராக்டர் எனக் கடந்து போகும். இவற்றை ஓட்டுவது டீசல் இஞ்சின். பங்கில் நாம் கேட்டு வாங்கும் டீசல் முதலில் எண்ணெயின் பெயராக இருக்கவில்லை. அது ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மன் பொறியாளரின் பெயர். இயந்திரம் வாங்கும் ஒவ்வொரு விவசாயியும் அவர் வாழ்க்கையைத் தெரிந்துகொள்வது நல்லது.

டீசல் 1858 மார்ச் 18 அன்று பாரிஸில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியின் பவேரியாவைச் சேர்ந்தவர்கள். தந்தை தோல் பொருட்கள் செய்து பிழைத்தவர். 1870-ல் போர் மூண்டதும் குடும்பம் லண்டனுக்கு இடம்பெயர்ந்தது. 12 வயதுச் சிறுவனை மட்டும் ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரிலுள்ள உறவினர் வீட்டுக்கு அனுப்பினார்கள். நன்றாகப் படித்த அவர், 1880-ல் மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரியில் மிக உயர்ந்த மதிப்பெண்களுடன் தேறினார்.

அக்காலத்தில் ஆலைகளை ஓட்டியது நீராவி இஞ்சின். நிலக்கரியின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்குகூட வேலையாக மாறவில்லை. இந்த வீணடிப்பு டீசலை உறுத்தியது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப் சுடுவதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். காற்றை மிக அதிகமாக அழுத்தினால் அந்தச் சூட்டிலேயே எரிபொருள் தீப்பற்றும், தனியாகத் தீப்பொறி தேவையில்லை என்பதே அவர் வழி. 1892-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அடுத்த ஆண்டு ஆக்ஸ்பர்க் இயந்திர ஆலையில் நடந்த முதல் சோதனையில் அழுத்தம் அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது. நான்கு ஆண்டுகள் திருத்தித் திருத்திச் செய்த பிறகு, 1897 பிப்ரவரி 17 அன்று பேராசிரியர் ஷ்ரோட்டர் அளந்தபோது, வெப்பத்தில் 26.2 சதவீதம் வேலையாக மாறியது. ஆள் உயரத்தைத் தாண்டிய அந்த ஒற்றை சிலிண்டர் இஞ்சினின் திறன் சுமார் 20 குதிரைசக்தி.

சோதனைக் கூடத்தில் வென்ற இஞ்சின், வாங்கியவர் இடத்தில் தடுமாறியது. 1898-ல் கெம்ப்டன் நகரத் தீப்பெட்டி ஆலைக்குப் போன இஞ்சின் அடிக்கடி நின்றது. டீசலின் பெயரால் தொடங்கிய ஆக்ஸ்பர்க் கம்பெனி விற்ற இஞ்சின்கள் பழுதாகித் திரும்பி வந்தன. கம்பெனி நொடித்தது. அவர் உடல்நலமும் குலைந்து மருத்துவ விடுதியில் தங்க நேர்ந்தது. புதிய நெல் ரகத்தை உழவர் வயல்களில் பல பருவம் பார்த்த பிறகே வெளியிடுவது ஏன் என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். பயன்படுத்துபவர் இடத்தில் தேறாத எதுவும் தேறியதாகாது.

1900 பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் இஞ்சினை நிலக்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். பயிர் எண்ணெயும் ஒருநாள் எரிபொருளாகும் என்று டீசல் பிற்காலத்தில் நம்பினார். இதை நம்பி உங்கள் டிராக்டரில் கடலை எண்ணெயை ஊற்றிவிடாதீர்கள். அது கெட்டியானது, நாசிலில் கரி படிந்து இஞ்சினைக் கெடுக்கும்.

லாரிக்கு ஏற்ற சிறிய இஞ்சின் செய்யவும் அவர் முயன்றார்; கைகூடவில்லை. எரிபொருளைச் சிலிண்டருக்குள் ஊத அன்று தனியாக ஒரு காற்று அமுக்கி தேவைப்பட்டது. அந்தக் கனம் வண்டிக்கு ஆகவில்லை. முதலீடுகளில் பணத்தை இழந்து கடனில் மூழ்கிய டீசல், 1913 செப்டம்பர் 29 இரவு இங்கிலாந்து செல்லும் டிரெஸ்டன் கப்பலில் காணாமல் போனார். சில நாட்களுக்குப் பிறகு கடலில் உடல் தென்பட்டது. தன் இஞ்சினில் லாரி ஓடியதை அவர் பார்க்கவில்லை.

அவர் இறந்து பத்து ஆண்டுகள் கழித்து, 1923-24-ல் பென்ஸ், மான் கம்பெனிகள் டீசல் லாரிகளைச் செய்தன. எரிபொருளைப் பம்ப் மூலமே பீய்ச்சியதால் காற்று அமுக்கி ஒழிந்தது. 1927-ல் பாஷ் கம்பெனியின் பம்ப் வந்ததும் டீசல் லாரிகள் பரவின. 1950-களில் ஜாம்ஷெட்பூரில் டாடாவும் எண்ணூரில் அசோக் லேலண்டும் செய்த லாரிகளில் ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நின்றன.

வரிசை இஞ்சின் லாரிக்கு ஏன் பொருத்தம்? ஆறு பிஸ்டன்கள் ஒரே வரிசையில் ஏறி இறங்கும்போது ஒன்றின் உதறலை மற்றொன்று ஈடுசெய்கிறது. கிராங்க் ஷாஃப்டை ஒவ்வொரு சிலிண்டருக்கும் இருபுறமும் பேரிங் தாங்குவதால் பாரம் பரவுகிறது. அகலம் குறைவானதால் சேஸின் இரு சட்டங்களுக்கு நடுவில் அடங்கும். பம்ப், நாசில், ஃபில்டர் பக்கவாட்டில் கைக்கு எட்டும். சிலிண்டர்கள் இரு சரிவாக நிற்கும் 'வி' இஞ்சின் நீளம் குறைவுதான். ஆனால் அகலம் கூடும், கழற்றிப் பூட்டும் வேலையும் கூடும். நம் டிராக்டர்களின் மூன்று, நான்கு சிலிண்டர்களும் வரிசையாகவே நிற்கின்றன.

பழைய லாரியோ டிராக்டரோ வாங்கும்போது காலையில் இஞ்சின் ஆறியிருக்கும்போதே கிளப்பச் சொல்லுங்கள். புகையைக் கவனியுங்கள். தொடர்ந்து கரும்புகை வந்தால் காற்று ஃபில்டர் அடைப்போ பம்ப், நாசில் கோளாறோ இருக்கலாம். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. சூடேறிய பிறகும் வெண்புகை நிற்காவிட்டால், தண்ணீர் உள்ளே போகிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்ததும் புகை அடித்து வந்தால் ரிங், லைனர் தேய்ந்திருக்கும்.

சொந்த வண்டியில் அறுவடைக் காலத் தூசிக்குக் காற்று ஃபில்டரை அடிக்கடி பாருங்கள். டீசல் ஃபில்டரில் தேங்கும் தண்ணீரை வடித்துவிடுங்கள். டீசலைத் திறந்த வாளியில் வைக்காதீர்கள். இன்றைய காமன் ரெயில் இஞ்சின்களில் நாசில் துளை மிக நுண்ணியது. ஒரு சொட்டு அழுக்குத் தண்ணீருக்கு நீங்கள் கொடுக்கும் விலை பெரிது. வாழைத்தார் ஏற்றிய லாரி வழியில் நின்றால், சந்தை விலை உங்களுக்காகக் காத்திருக்காது.