மாதம் ஒரு பென்னி: டானியல் ஓகொனலின் கதை

அயர்லாந்துக்கு விடுமுறையில் போகும் எம்மவர்கள் ரிங் ஒஃப் கெரி வீதியைச் சுற்றி, மலையோடும் ஆடுகளோடும் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அந்த வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒரு சிறிய பாதையில் டெரினேன் வீடு இருக்கிறது. இன்று அது அரசு பராமரிக்கும் நூதனசாலை. டப்ளினின் பெரிய வீதிக்குத் தன் பெயரைக் கொடுத்த டானியல் ஓகொனலின் வீடு அது.

அவர் 1775இல் அதே கெரி மாவட்டத்தில், காகர்சிவீன் ஊருக்குப் பக்கத்தில் பிறந்தார். பிள்ளை இல்லாத பெரியப்பா மொரிஸ் அவரை எடுத்து வளர்த்தார். பெரியப்பாவின் செல்வத்தில் பெரும்பங்கு கடல்வழிக் கடத்தலால் வந்தது. கரையோர ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அக்காலச் சட்டங்கள் கத்தோலிக்கருக்கு நல்ல கல்வியை எட்டாமல் வைத்திருந்தன. அதனால் பெடியனைப் பிரான்சுக்குப் படிக்க அனுப்பினார்கள். அங்கே அவர் கண்டது புரட்சியின் இரத்தம். 1793 ஜனவரியில், மன்னர் பதினாறாம் லூயி கொல்லப்பட்ட அதே நாட்களில், அவர் பிரான்சை விட்டு ஓடினார். மனிதரைக் கொன்று பெறும் விடுதலையில் அவருக்கு அதன்பிறகு நம்பிக்கை வரவில்லை.

1798இல் சட்டத்தரணி ஆனார். திறமையால் பெரும் உழைப்பு உழைத்தார். ஆனால் கத்தோலிக்கர் என்பதால் நீதிபதிப் பதவிக்கோ, அரசரின் சட்டத்தரணி என்ற தகுதிக்கோ போக முடியாது. 1802இல் சீதனம் எதுவும் இல்லாத உறவுப் பெண் மேரியை இரகசியமாக மணம் முடித்தார். பெரியப்பாவுக்குக் கடும் கோபம்.

கணக்கு எழுதிப் பிழைக்கும் எங்களுக்கு ஓகொனலின் சொந்தக் கணக்கைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. வருமானம் வர வரச் செலவழித்தார், மற்றவர்களின் கடனுக்கும் பிணை நின்றார். 1822இல் மேரி பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, செலவைக் குறைப்பதற்காகவே பிரான்சுக்குப் போய் வாழ வேண்டி வந்தது. குடும்பத்தின் கணக்குப் புத்தியெல்லாம் மேரியிடம்தான் இருந்தது என்பது எங்கள் அபிப்பிராயம்.

1815இல் நடந்த ஒரு காரியம் அவரைக் கடைசிவரை விடவில்லை. டப்ளின் மாநகரசபை உறுப்பினர் டெஸ்டர் அவரைத் துப்பாக்கிச் சண்டைக்கு அழைத்தார். ஓகொனலின் குண்டில் டெஸ்டர் இறந்தார். இறந்தவரின் மனைவிக்குத் தன் வருமானத்தில் பங்கு தருவதாக ஓகொனல் சொன்னார். அந்த அம்மா மறுத்துவிட்டார். மகளுக்கு மட்டும் உதவித்தொகை ஏற்கப்பட்டது, அதை ஓகொனல் தான் இறக்கும்வரை கட்டினார். கடனுக்குள் கிடந்த மனிதர் அந்த ஒரு கொடுப்பனவை நிறுத்தவில்லை.

இனி அந்தப் பென்னிக்கு வருவோம். 1823இல் கத்தோலிக்கச் சங்கத்தைத் தொடங்கினார்கள். உறுப்பினர் கட்டணம் வருடத்துக்கு ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங். நிலமில்லாத விவசாயி அதை எப்படிக் கட்டுவான்? அடுத்த வருடம் ஓகொனல் மாதம் ஒரு பென்னி என்ற இன்னொரு வகுப்பைக் கொண்டுவந்தார். வருடத்துக்கு 12 பென்னி, ஒரு ஷில்லிங் மட்டும். 240 பேர் சேர்ந்தால்தான் மாதம் ஒரு பவுண். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் வாசலில் பாதிரிமாரின் துணையோடு சேர்த்தார்கள். நிலப்பிரபுவுக்குக் கட்டுவதைப் போல இதற்கும் குத்தகை என்றே பெயர். வழக்குச் செலவுக்கும், பத்திரிகைக்கும், நிலப்பிரபுவால் துரத்தப்பட்டவர்களுக்கு உதவவும் அது பயன்பட்டது.

வாசலில் வந்து காசு சேர்ப்பது எங்கள் சனங்களுக்குப் புதிதல்ல. அதனால்தான் இந்த இடத்தில் கொஞ்சம் கூட நேரம் நின்றோம். பென்னி கொடுத்தவன் அதற்குப் பிறகு வேடிக்கை பார்க்கிறவன் இல்லை, கேட்க உரிமை உள்ளவன். 1828இல் கிளேர் மாவட்ட இடைத்தேர்தலில் அது தெரிந்தது. அப்போது இரகசிய வாக்கு கிடையாது. நிலப்பிரபுவின் ஆட்களுக்கு முன்னால் வாய்விட்டுப் பெயர் சொல்ல வேண்டும். வீடும் காணியும் போகலாம் என்று தெரிந்துகொண்டே குத்தகைக்காரர்கள் ஓகொனலின் பெயரைச் சொன்னார்கள். அவருக்கு 2,057 வாக்குகள், எதிர்த்து நின்ற அமைச்சருக்கு 982. கலகம் வரும் என்று அஞ்சிய லண்டன் 1829இல் கத்தோலிக்கருக்குப் பாராளுமன்றக் கதவைத் திறந்தது.

ஆனால் அந்த வெற்றிக்கு ஒரு விலை இருந்தது. 40 ஷில்லிங் பெறுமதியான காணி உரிமையோடு வாக்களித்த ஏழைகளின் வாக்குரிமையை அதே கையோடு பறித்தார்கள். தகுதி 10 பவுணாக உயர்ந்தது. இரண்டு லட்சத்துக்கு மேல் இருந்த வாக்காளர் 40 ஆயிரத்துக்கும் கீழே இறங்கினார்கள். கிளேரில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வாக்களித்தவனுக்கு அடுத்த தேர்தலில் வாக்கில்லை. படித்த, வசதியான கத்தோலிக்கருக்குப் பதவிகள் வந்தன. ஓகொனல் இதைத் தடுத்து நிற்கவில்லை. இது அவர் கணக்கில் நிற்கும் பெரிய பற்று என்றே நாங்கள் நினைக்கிறோம்.

இன்னொன்றும் எங்களை உறுத்தியது. அவருடைய தாய்மொழி ஐரிஷ். இருந்தும் பிழைப்புக்கு ஆங்கிலமே உதவும், ஐரிஷ் மெல்லப் போனாலும் கவலையில்லை என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்குச் சனிக்கிழமைகளில் இழுத்துக்கொண்டு போகிற பெற்றோர் இதை வாசித்து என்ன சொல்வார்களோ.

அதன்பின் அயர்லாந்துக்குத் தனிப் பாராளுமன்றம் வேண்டும் என்று 1843இல் ஊர் ஊராகப் பெருங்கூட்டங்கள் வைத்தார். கடல் தாண்டிக் குடியேறிய அயர்லாந்துக்காரரும் அமெரிக்காவிலிருந்து காசு சேர்த்து அனுப்பினார்கள். அவர்களிடம் ஓகொனல், அடிமை முறையை ஆதரிக்காதீர்கள் என்று வெளிப்படையாகவே கண்டித்தார். தென் மாநிலங்களில் சில ஆதரவுச் சங்கங்கள் கோபித்துக் கலைந்தே போயின. காசு வரும் வழி அடைபடும் என்று தெரிந்தும் அவர் வாயை மூடவில்லை.

அதே வருடம் ஒக்டோபர் 8ஆம் திகதி குளொன்டாவில் நடக்கவிருந்த கூட்டத்தை அரசு முதல்நாள் தடை செய்து இராணுவத்தை நிறுத்தியது. ஓகொனல் கூட்டத்தைக் கைவிட்டார். இளையவர்கள் அதைக் கோழைத்தனம் என்றார்கள். அன்று வீடு திரும்பிய ஆயிரக்கணக்கான தாய்மாரின் பிள்ளைகளை நினைத்தால் எங்களுக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. கூட்டத்தைக் கைவிட்டும் அவரைச் சிறையில் போட்டார்கள். 1844இல் விடுதலையானபோது அவரை ஏற்றி ஊர்வலம் போன பெரிய தேர்வண்டி இப்போது டெரினேனில் இருக்கிறது.

1845இல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகியது, பஞ்சம் வந்தது. 1847 பெப்ரவரியில், குரல் எழாத நிலையில் பாராளுமன்றத்தில் எழும்பித் தன் சனத்துக்கு உதவி கேட்டார். கேட்ட அளவுக்குக் கிடைக்கவில்லை. ரோம் போகும் வழியில் மே 15ஆம் திகதி ஜெனோவாவில் இறந்தார். இதயத்தை ரோமுக்குக் கொண்டுபோனார்கள், அது பின்னர் காணாமற் போய்விட்டது. உடல் டப்ளினின் கிளாஸ்னெவின் சேமக்காலைக்கு வந்தது. எந்தச் சமயத்தவரும் மரியாதையாக அடக்கம் பெறவென்று அவரே முன்னின்று 1832இல் திறந்த சேமக்காலை அது.

அவருக்கு மேலே 55 மீற்றர் உயரக் கற்கோபுரம் நிற்கிறது. 1971இல் குண்டு வைத்து அதன் படிகளை உடைத்தார்கள். 2018இல்தான் திரும்பவும் ஏற முடிந்தது. 198 படிகள். முழங்கால் நோ உள்ளவர்கள் கீழேயே நின்று, கல்லறைச் சுவரிலுள்ள துவாரத்தினூடாகக் கையை விட்டு அவருடைய பெட்டியைத் தொடலாம்.